புது கார்பரேட்டருக்கு இரண்டரை நட்சத்திரம், பழைய ஜெட்டுக்கு ஐந்து

அப்பா 1986-இல் வாங்கிய பத்மினி கார். 1089 சிசி, ஸ்டியரிங்கை ஒட்டியே கியர் கம்பி. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய சோலெக்ஸ் கார்பரேட்டரில், ஆக்சிலரேட்டரை மிதித்தால் திரும்பும் த்ராட்டில் ஷாஃப்ட் தேய்ந்து ஆட்டம் கண்டுவிட்டதால், அதே மாதிரியில் செய்த புது கார்பரேட்டர் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். கொரியர் செலவோடு நாலாயிரத்துச் சொச்சம்.

பெட்டியைப் பிரித்தபோது இருந்த சந்தோஷம் மாட்டி ஓட்டியதும் போய்விட்டது. சூடேறிய பிறகு, நின்ற இடத்திலேயே இன்ஜின் தானாக எகிறும், அணையப்போவதுபோல் இறங்கும், மறுபடி எகிறும். நாற்பது கி.மீ. வேகத்தில் காலை அசைக்காமல் வைத்திருந்தாலும் வண்டி விட்டு விட்டு இழுத்தது. "ஏன் இப்படி மிதிச்சு மிதிச்சு விடுறீங்க?" என்றாள் மனைவி. நான் மிதிக்கவே இல்லை.

முதலில் போன ஒர்க்‌ஷாப்பில் பிளக், பாயிண்ட், கண்டென்சர் எல்லாம் மாற்றி 1,800 ரூபாய்க்கு பில் போட்டார்கள். நோய் அப்படியே இருந்தது.

அப்புறம்தான் திருச்சி பாலக்கரையில், போர்டு கூட இல்லாத ஒரு ஒற்றை ஷெட்டுக்குப் போனேன். எழுபதைத் தாண்டிய மெக்கானிக். இன்ஜின் ஓடும்போதே, கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் குமிழைப் பாதி இழுத்தார். சத்தம் சட்டென்று அடங்கிச் சீரானது. "பாத்தியா தம்பி? ஒண்ணு பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கேயோ காத்து குடிக்குது" என்றார்.

ஆயில் கேனை எடுத்து, கார்பரேட்டர் உட்காரும் இடத்தைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு நட்டுக்கும் நடுவே விட்ட சொட்டு உள்ளே போயிற்று. நாலு எண்ணும் நேரத்துக்கு இன்ஜின் நிதானமாக ஓடி, திரும்பவும் ஆடத் தொடங்கியது. (இதற்குப் பெட்ரோல் தெளித்துப் பார்ப்பவர்களும் உண்டு. சூடான இன்ஜின்மேல் அந்த விளையாட்டு வேண்டாம்.)

கழற்றி, அடிப்பாகத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் காட்டினார். நடுவில் வெளிச்சம் தெரிந்தது. நட்டு மாட்டும் இரண்டு காதும் வளைந்திருந்தன. வார்ப்பே மட்டமாக இருக்கலாம். ஆனால் மாட்டியவன் நான், பலம் கொண்டமட்டும் முறுக்கியவனும் நான். அதனால் முழுப் பழியையும் செய்தவர் தலையில் கட்ட மாட்டேன். கண்ணாடிமேல் எமரி பேப்பரை விரித்து அரைமணி நேரம் தேய்த்துச் சமமாக்கினார். காற்று புகாமல் அடியில் வைக்கும் பேக்கிங் ஒன்றும் பெட்டியோடு வந்திருந்தது. அதைப் பார்த்து, "இது கல்யாணப் பத்திரிகை அட்டைப்பா" என்று ஓரமாகப் போட்டார். பேக்கிங் ஷீட்டை, கார்பரேட்டர் உட்காரும் மேனிஃபோல்டின்மேல் வைத்து, ஓரங்களைச் சுத்தியலால் தட்டித் தட்டியே புதிதாக ஒன்றை வெட்டி எடுத்தார். அதைப் பார்ப்பதற்கே காசு கொடுக்கலாம்.

நின்ற இடத்து ஓட்டம், அதாவது ஐடில், சரியாயிற்று. நாற்பதில் இழுப்பு மட்டும் மிச்சம். "பழசு வச்சிருக்கியா, தூக்கிப் போட்டுட்டியா?" நல்லவேளை, பரணில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்தேன். பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள மெயின் ஜெட்டை இரண்டிலிருந்தும் எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தோம். புதியதில் பொறித்திருந்த எண், பழையதைவிட ஐந்து குறைவு. அந்த எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக் கணக்கில். மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் ஓட்டத்தில் பெட்ரோல் பற்றாமல் போக அதுவே போதும். பழைய ஜெட்டைப் புதியதில் மாட்டினார். சமயபுரம் போய்வந்தேன், ஒரு இழுப்பு இல்லை. பெட்ரோல் பற்றாமல் வெளுத்துக்கிடந்த பிளக் நுனி இப்போது பழுப்பாகியிருக்கிறது.

மூன்று மணிநேர வேலைக்கு 600 ரூபாய் கேட்டார், வற்புறுத்தி எண்ணூறு கொடுத்தேன்.

கார்பரேட்டரைப் பொறுத்தவரை, ஷாஃப்ட் இறுக்கமாக இருக்கிறது, மிதவை ஒழுகவில்லை, அதற்குத்தான் இரண்டரை. வாங்குகிறவர்கள் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். பேக்கிங்கைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பழையதை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள்.