ஃப்ளூ ஊசி: காசு கொடுக்குமுன் அட்டையைப் பாருங்கள்

கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்களுக்கும் மழை கிடைக்கிற மாவட்டம் நம் குமரி. அந்த ஈரக்காலங்களில்தான் ஃப்ளூவும் பரவும். உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் பிடிக்கும் என்பதால், சாரல் தொடங்குமுன் சித்திரையிலேயே போட்டுக்கொள்வது நல்லது. தவறினால் ஐப்பசி மழைக்கு முன்.

அரசின் பொதுத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, பெரும்பாலும் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். எந்தக் கம்பெனி மருந்து, இன்ஃப்ளுவாக் டெட்ராவா, வாக்ஸிஃப்ளூ-4ஆ என்பது பெரிய விஷயமில்லை. மருந்து வரும் அட்டைப்பெட்டியில் உள்ள பருவமும் ஆண்டும்தான் முக்கியம். தென் அரைக்கோளத்துக்கான வைரஸ் வகைகளை உலக சுகாதார நிறுவனம் செப்டம்பரில் அறிவிக்கும், வட அரைக்கோளத்துக்கு பிப்ரவரியில். சித்திரையில் போடுகிறவர்கள் அந்த ஆண்டின் தென் அரைக்கோள மருந்தைக் கேளுங்கள். நான்கு வைரஸ் வகைகளுக்கான மருந்து என்பதற்காகக் கூடுதல் பணம் வேண்டாம். அதில் நான்காவதான பி யமகாட்டா வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகவில்லை. மூன்று வகைக்கான மருந்தே போதும்.

மருந்து கெடுவது வழியில்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியதை, மீனைப் புதைப்பதுபோல ஐஸில் நேரடியாக வைத்துக் கொண்டுபோகிறார்கள். உறைந்துவிட்டால் உருகிய பிறகு பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் போகலாம். ஆனால் அதைக் கொட்டத்தான் வேண்டும். ஃப்ரிட்ஜும் வெப்பநிலைப் பதிவேடும் உள்ள இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

அளவு 0.5 மில்லி. மேல்கைத் தசையில், கைக்குழந்தைக்குத் தொடையில். ஆறு மாதம் முதல் எட்டு வயது வரை முதல்முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதை மறந்துவிடும் வீடுகள் நிறைய. பாதிப் பாதுகாப்போடு பிள்ளை பள்ளிக்கூடம் போவது வருத்தமான விஷயம். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் ஆகாத சிசுவுக்கு ஊசி கிடையாது, தாயிடமிருந்து வரும் எதிர்ப்புதான் துணை. சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்களும் முதியவர்களும் வருடாவருடம் போட வேண்டும்.

கைவலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாள் இருக்கும். செயலிழந்த வைரஸ் என்பதால் ஊசியே ஃப்ளூ தராது. முட்டை ஒவ்வாமை தடையல்ல. முன்பு இதே ஊசியாலோ, முட்டை தவிர அதிலுள்ள வேறு பொருளாலோ கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக் கூடாது. முன்பு ஃப்ளூ ஊசி போட்ட ஆறு வாரத்துக்குள் கில்லன்-பாரே (நரம்பு பாதித்துக் கைகால் தளரும் நோய்) வந்தவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். போட்டபின் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள்.

“ஊசி போட்டும் தடுமன் பிடித்ததே” என்கிறார்கள். சாதாரணத் தடுமன் வேறு வைரஸ்களால் வருவது. மருந்தில் உள்ள வகையும் பரவும் வகையும் பொருந்திய ஆண்டில் ஃப்ளூவால் மருத்துவரிடம் போகும் ஆபத்து 40 முதல் 60 சதவீதம் குறைகிறது. முதியவர்களிடம் பலன் அதைவிடக் குறையலாம். ஆனாலும் நிமோனியாவாகி ஐசியுவரை போகும் ஆபத்து அவர்களுக்கே அதிகம் என்பதால், வீட்டில் முதல் ஊசியை அவர்களுக்கே போடச் சொல்வோம்.