ஒரே நாளிலா, ஒரு பிரிவிலிருந்தா? நிறுவன மாற்றத்தின் இரண்டு வழிகள்

புதிய சாஃப்ட்வேரோ, புதிய வேலை முறையோ, எது வந்தாலும் தலைமைக்கு முதலில் எழும் கேள்வி இது: எல்லாப் பிரிவுகளையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா, இல்லை ஒரு பிரிவில் செய்து பார்த்துவிட்டு மெல்லப் பரப்பலாமா? பெரும்பாலும் நான் இரண்டாவது வழியின் பக்கம்தான். ஆனாலும் முதல் வழிக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஒரே நாள் மாற்றத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஒரு நாடு. 1967 செப்டம்பர் 3, விடிகாலை 5 மணிக்கு சுவீடனின் வண்டிகள் எல்லாம் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. 1955இல் நடந்த பொது வாக்கெடுப்பில் சுமார் 83 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொன்ன மாற்றம் அது. பாதி வண்டிகள் இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் ஓட முடியாது என்பதால் படிப்படியாகச் செய்ய வழியே இல்லை. ஆனால் நாடாளுமன்றம் முடிவெடுத்தது 1963இல். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் சாலைப் பலகைகளுக்கும், பேருந்துகளின் கதவுகளை மறுபக்கம் மாற்றுவதற்கும், மக்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்குவதற்கும் போயின.

நிறுவனத்துக்குள்ளும் இந்த வகை உண்டு. எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து பயன்படுத்தும் பொருள் குறியீட்டைப் பாதிப் பேர் பழையபடியும் பாதிப் பேர் புதியபடியும் எழுதினால் கிடங்கில் எந்தக் கணக்கும் ஒத்துவராது. அங்கே தேதி குறித்து, மொத்தமாக மாறிவிடுவதுதான் நல்லது.

சிக்கல் எங்கே என்றால், அப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத இடத்திலும் தலைமைக்கு ஒரே நாள் மாற்றத்தின் மேல் ஆசை வந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளில் நடந்தது அதுதான். ஆப்பிள் கடைகளை வளர்த்துப் பெயர் வாங்கிய ரான் ஜான்சன் 2011இல் அங்கே தலைமைக்கு வந்தார். 2012 பிப்ரவரியில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளில் தள்ளுபடிக் கூப்பன்களை எடுத்துவிட்டு ஒரே சீரான விலையைக் கொண்டுவந்தார். முதலில் ஒரு சில கடைகளில் முயன்று பார்க்கக்கூட இல்லை. அந்த நிதியாண்டில் விற்பனை சுமார் நான்கில் ஒரு பங்கு விழுந்தது. 2013 ஏப்ரலில் அவர் வெளியேற வேண்டியதாயிற்று. கூப்பனை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு கடைக்கு வருவது பழைய வாடிக்கையாளர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பத்துக் கடைகளே காட்டிக் கொடுத்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

சரி, அப்படியானால் சிறிதாகத் தொடங்கினால் போதுமா? அதற்கும் ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவின் ஃப்ரீமான்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய தொழிற்சாலை வேலைக்கு வராதவர்கள், சண்டைகள், மோசமான தரம் என்று பெயர் கெட்டு 1982இல் மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவோடு கூட்டாக ‘நும்மி’ என்ற பெயரில் அதே கட்டடம் திறந்தது. எடுத்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் அங்கே ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவின் முறையை நேரில் பழகி வந்தார்கள். பிழையைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தலாம் என்ற உரிமையும் வந்தது. வேலைக்கு வராதோர் விகிதம் மளமளவென்று குறைந்தது, வண்டிகளின் தரம் ஏறியது. அதே ஆட்களைக் கொண்டுதான் இதெல்லாம் நடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற தொழிற்சாலைகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர ஆண்டுக்கணக்கில் ஆனது. முழுதாகப் போய்ச் சேர்வதற்குள் 2009இல் நிறுவனமே திவாலானது. படிப்படி வழியின் பெரிய ஆபத்து இதுதான். சோதனைப் பிரிவு நன்றாக நடக்கும், தலைமை போய்ப் பார்த்துப் பாராட்டும், மற்றவர்கள் ‘அது அவர்களுக்குச் சரிப்படும், நமக்கு ஒத்துவராது’ என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த பிரிவு எது, எந்த மாதம், யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதி வைக்காத சோதனை பெரும்பாலும் தனித்தீவாகவே நின்றுவிடும்.

வேகத்தைப் பற்றிய இந்த வாதத்தில் அடிபட்டுப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. 1940களில் அமெரிக்காவின் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலையில் வேலை முறை அடிக்கடி மாறும். மாறும்போதெல்லாம் உற்பத்தி சரியும், ஆட்கள் விலகுவார்கள். கோச், ஃப்ரெஞ்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே ஒரு சோதனை நடத்தி 1948இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு வழக்கம்போல மாற்றத்தை அறிவித்தார்கள். வேறு குழுக்களிடம் செலவைக் குறைக்க வேண்டிய காரணத்தைக் காட்டி, புதிய முறையை அவர்களோடு சேர்ந்தே வடிவமைத்தார்கள். அறிவிப்பு மட்டும் கேட்ட குழுவில் முதல் 40 நாட்களிலேயே 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள், உற்பத்தியும் மீளவில்லை. சேர்ந்து வடிவமைத்த குழுக்களில் யாரும் விலகவில்லை. கொஞ்ச நாளில் பழைய அளவையும் தாண்டினார்கள். அப்புறம், முதல் குழுவில் மிஞ்சியவர்களைச் சில மாதங்கள் கழித்து இன்னொரு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் சேர்த்துக்கொண்டு திட்டமிட்டார்கள். அவர்களும் சீக்கிரமே பழகி முன்னேறினார்கள்.

இதைப் படித்த பிறகு, எதிர்ப்பு ஊழியர்களின் குணம் என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை. ஜே.சி. பென்னியில் விலைமுறையை வகுத்தபோது கல்லாவில் நிற்பவர்களைக் கேட்டிருந்தால் கூப்பன் விஷயம் முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே பொதுவான குறியீடு, பொதுவான கணக்குத் தலைப்பு போன்றவற்றுக்கு என் ஓட்டு ஒரே நாளுக்கு, போதிய தயாரிப்போடு. வேலை செய்யும் விதம், மீட்டிங் நடத்தும் விதம், வாடிக்கையாளரிடம் பேசும் விதம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவிலிருந்து தொடங்குங்கள். அந்தப் பிரிவாக, மிகவும் ஒத்துழைக்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அங்கே ஜெயித்தால் யாரும் நம்ப மாட்டார்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்கும் பிரிவை எடுத்துக்கொண்டு, அங்கே அதிகம் குறை சொல்பவரை முதல் மீட்டிங்குக்கே கூப்பிடுங்கள்.