தட்டையான மண்ணில் கொம்பொசிஷன்: சில வருடப் பழக்கத்தில் கண்டவை

கொம்பொசிஷன், அதாவது படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்ற பாடங்களில் வரும் நிலக்காட்சிகளில் பெரும்பாலும் பின்னால் ஒரு மலை நிற்கும், நடுவில் ஆறு வளையும். யாழ்ப்பாணத்தில் கீறுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. மலை இல்லை, வழுக்கையாறும் மழைக்குத்தான் ஓடும். கடலுக்குக் குறுக்கே போகும் பண்ணைப் பாலத்தில் நின்று பார்த்தால் அடிவானம் அடிமட்டம் வைத்து இழுத்த கோடு மாதிரிக் கிடக்கும். இந்த மண்ணில் நீர்வர்ணம் பழகிய சில வருடத்தில் எந்த உத்தி கைகொடுத்தது, எது கொடுக்கவில்லை என்று எழுதுகிறேன்.

அதிகம் பயன்பட்டது மூன்றில் ஒரு பங்கு விதி. இப்போது எல்லோரும் தாளை நெடுக்கும் குறுக்கும் மும்மூன்றாகப் பிரிக்கும் கோடுகள் வெட்டும் நாலு புள்ளிகளைப் பற்றியே பேசுகிறார்கள். 1797இல் ஆங்கில ஓவியர் ஜோன் தோமஸ் ஸ்மித் இதை எழுதியபோது, வானத்துக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அல்லது ஒரு பங்கு கொடுக்கலாம் என்றார். எங்கள் தரைக்கு அதுவே போதும். அடிவானத்தைக் கீழே இறக்கினால் படம் வானத்துடையது. மேலே ஏற்றினால் ஆழமில்லாத கடலும் வலைத் தடிகளும் முன்னுக்கு வரும். நடுவில் வைத்தால் கண் எங்கேயும் தங்காது. மாரி தொடங்குகிற நேரம் ஒருநாள் பண்ணையில் இருந்து வானத்துக்கு இடம் விட்டுக் கீறிக்கொண்டிருந்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்த ஒரு ஐயா, "உந்த முகில் பின்னேரம் கொட்டப்போகுது தம்பி" என்றார். தாளில் கடலும் இருந்தது, தோணியும் இருந்தது. அவர் கண் போனது முகிலுக்கு. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

அடுத்தது அட்டைச் சட்டம்: அதன் துளையால் காட்சியைப் பார்த்து, எது படத்துக்குள் வரும் என்று முடிவு செய்யலாம். பிஸ்கட் பெட்டியில் 'ட' வடிவத்தில் இரண்டு துண்டு வெட்டி, கிளிப் போட்டால் முடிந்தது. துளையின் அளவு தாளின் விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஏ4 தாள் 297க்கு 210 மில்லிமீற்றர். அதனால் 10க்கு 7 சென்ரிமீற்றர் துளை கிட்டத்தட்டச் சரியாக வரும். போன் கமரா வழக்கமாக 4க்கு 3. அதில் பார்த்து அமைத்ததை ஏ4இல் போட்டால் பக்கவாட்டில் வெற்றிடம் மிஞ்சும். ஓரத்தில் நிற்க வேண்டிய பனை உள்ளே நகர்ந்துவிடும்.

கண்ணை இழுத்துப்போகும் கோடுகளுக்கு ஒழுங்கைகளை விட நல்ல இடம் இல்லை. இரண்டு பக்கமும் கிடுகு வேலி, தூரம் போகப் போக ஒடுங்கும். ஆனால் அந்த வேகத்திலேயே கண் படத்தைத் தாண்டிப் போய்விடும், மறிக்க ஏதாவது வேண்டும். திறந்து கிடக்கும் ஒரு படலையும் அதன் வழியே தரையில் விழும் வெளிச்சமும் போதும்.

1.618 என்ற பொன் விகிதத்தில் விரியும் சுருள் கோட்டின் மேல் பொருட்களை அமைக்கும் முறையையும் பழகிப் பார்த்தேன். அந்தச் சுருளை முடிந்த படத்தின் மேல் வைத்தால் எங்காவது பொருந்தத்தான் செய்கிறது. தொடங்கும்போது உதவியதில்லை.

இவை எல்லாவற்றையும் விட நான் பெரிதாக மதிப்பது, தீப்பெட்டி அளவில் மூன்று நிறச்செறிவில் கீறும் சின்னப் படங்கள்: தாளின் வெள்ளை, ஒரு சாம்பல், ஒரு கறுப்பு. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் விவரம் மறைந்து இந்த மூன்றும்தான் மிஞ்சும். நல்லூர்க் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பல வர்ணம் பூசிய கோபுரம் இல்லை, முழுக்கப் பொன்மஞ்சள். சிற்பங்களைப் பிரித்துக் காட்டுவது நிழல் மட்டுமே. காலை வெயிலில் ஒரு முகம் ஒளியாகவும் மற்ற முகம் இருளாகவும் பிரியும்போது சின்னப் படம் இரண்டு நிமிடத்தில் அமைந்துவிடும். எந்தச் செறிவும் பிரியாத வேளையில், எவ்வளவு நல்ல மஞ்சள் கையில் இருந்தாலும் நான் தொடங்குவதில்லை.

தொடங்குகிறவர்கள் விலை கூடிய தூரிகைக்கு முன் 6பி பென்சிலும் ஒரு கொப்பியும் வாங்குங்கள். போகிற இடத்தில் அடிவானத்தை வேறு வேறு உயரத்தில் வைத்து மூன்று சின்னப் படம் கீறிப் பாருங்கள். வர்ணப் பெட்டியை அப்புறம் திறக்கலாம்.