நேரடி விண்ணப்பமா, பிசிடி வழியா?

சிங்கப்பூரில் முதல் விண்ணப்பம் போட்டாயிற்று. ஜப்பானிலும் இந்தியாவிலும் காப்புரிமை வேண்டும் என்றால் வழி இரண்டு: அந்தந்த நாட்டில் நேரடியாக விண்ணப்பிப்பது, அல்லது பிசிடி (PCT) எனும் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் கீழ் முதலில் ஒரே சர்வதேச விண்ணப்பம் போடுவது.

நேரடி வழியில் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் விண்ணப்பிக்க வேண்டும். மொத்தச் செலவு குறைவு. ஆனால் ஜப்பானிய மொழிபெயர்ப்பு, அந்தந்த நாட்டு வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் கழுத்தை நெரிக்கும். அரசுக் கட்டணத்தைவிட இவைதான் பெரும்பாலும் பெரிய தொகை. இந்தியாவில் தனிநபரின் மின்வழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 8,000 ரூபாய்தான்.

பிசிடிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. பதிலுக்கு, முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து அந்தந்த நாட்டில் விண்ணப்பத்தைத் தொடர ஜப்பானில் 30 மாத அவகாசம், இந்தியாவில் 31. அதற்குள், இதே போன்றது முன்பே வெளியாகியிருக்கிறதா என்று சொல்லும் தேடல் அறிக்கை வந்துவிடும். தேறாது என்று தெரிந்தால் மொழிபெயர்ப்புக் காசு மிச்சம். முதலீடு தேடும் சிறு நிறுவனத்துக்கு நான் இதையே சொல்வேன். ஒரே ஒரு வெளிநாடு போதும் என்றால், சரி, நேரடியாகவே போங்கள்.