கணவர் வருமானம், என் பெயரில் கார்: 42 தவணைகளுக்குப் பிறகு

2022 ஜூன் மாதம் என் பெயரில் பதிவான மைவி காருக்கு, கடந்த டிசம்பருடன் 42 தவணைகள் கட்டி முடித்திருக்கிறேன். மொத்தம் 84 தவணைகள் என்பதால் சரியாகப் பாதி வழியில் நிற்கிறேன். காரைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. பினாங்கில் அந்தக் காரை அறியாதவர் யாருமில்லை. வீட்டு வருமானத்தின் பெரும்பகுதியைக் கணவர் ஈட்டும் நிலையில், குறைவாகச் சம்பாதிக்கும் மனைவி தன் பெயரில் கார் கடன் எடுத்தால் முதலிலும் பிறகும் என்னென்ன நடக்கும் என்பதையே எழுத விரும்புகிறேன்.

அப்போதைய எங்கள் கணக்கு இது. என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் உள்ள தொழிற்சாலையில் 5,400 ரிங்கிட் சம்பளத்தில் இருந்தார். நான் ஆயர் ஈத்தாமில் ஒரு பாலர் பள்ளியில் 1,800 ரிங்கிட் சம்பளத்தில் ஆசிரியராக இருந்தேன். மாலையில் குளுகோர் வீட்டில் நடத்திய டியூஷன் வகுப்பிலிருந்து இன்னொரு 900 ரிங்கிட் வந்தது. கூட்டிப் பார்த்தால் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. ஆனால் டியூஷன் பணம் முழுவதும் கையில் வாங்கும் ரொக்கம் என்பதால், காகிதத்தில் என் பங்கு கால்வாசிதான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது வங்கிக்குப் போன பிறகே புரிந்தது.

கார் தேவைப்பட்டதும் எனக்குத்தான். குளுகோரிலிருந்து கொம்தார் போய், அங்கே பேருந்து மாறி ஆயர் ஈத்தாம் சேர்வதற்குள் காலைப் பொழுதில் பாதி கழிந்துவிடும். உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கு விற்பனை வரி விலக்கு 2022 ஜூன் 30 வரை மட்டுமே என்று அறிவிக்கப்பட்டிருந்ததால், மார்ச் மாதமே விற்பனை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த தமிழ்த் தம்பி என்னிடம் நிறம் கேட்டார். மற்ற எல்லாவற்றையும் என் கணவரிடம் கேட்டார். "அண்ணன் பேர்ல போட்டா ரெண்டு நாள்ல அப்ரூவ் ஆயிரும்க்கா. ஓட்டப் போறது நீங்கதானே, பேரு யாரோடதா இருந்தா என்ன?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை, கணவர் பெயரில் கடன் சுலபமாகவே கிடைத்திருக்கும்.

இருந்தும் நான் பிடிவாதமாக நின்றதற்குக் காரணங்கள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டுகளில் வீடு வாங்கும் எண்ணம் எங்களுக்கு இருந்தது. கார் தவணையும் அவர் தலையில் ஏறினால், வீட்டுக் கடனுக்கு அவர் வருமானத்தில் மிஞ்சுவது குறையும். அடுத்தது, 33 வயதிலும் எனக்கென்று கடன் வரலாறு எதுவும் இல்லை. இருந்த ஒன்றும், பின்னால் சொல்வதுபோல், நல்ல வரலாறு அல்ல. இன்னொரு காரணம் என் அம்மா. புக்கிட் மெர்தாஜாமில் அப்பா இறந்தபோது, அம்மா பத்து ஆண்டுகளாக ஓட்டிய கார் அப்பா பெயரில் இருந்ததால், சொத்துப் பத்திர வேலைகள் முடியும் வரை எட்டு மாதம் வீட்டு முன்னால் சும்மாவே நின்றது.

வீட்டுக் கடனில் கணவன் மனைவி இருவரையும் கூட்டுக் கடனாளிகளாகச் சேர்த்து, இரண்டு வருமானத்தையும் ஒன்றாகப் பார்ப்பது வழக்கம். கார் வாங்கப் பயன்படும் வாடகைக் கொள்முதல் கடனில் நாங்கள் அணுகிய இரண்டு வங்கிகளுமே அப்படிப் பார்க்கவில்லை. கார் ஒருவர் பெயரில்தான் பதிவாகிறது; அந்த ஒருவருடைய வருமானமே கணக்கில் வருகிறது. முதல் வங்கியில் என் ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையைப் பார்த்த அதிகாரி, ஒவ்வொரு மாதமும் கணவர் எனக்கு அனுப்பிய 1,000 ரிங்கிட்டைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கணவர் தருவது வருமானம் ஆகாதாம். டியூஷன் பணத்துக்கு ஆதாரம் இல்லை. மிஞ்சியது சம்பளச் சீட்டிலும் ஊழியர் சேமநிதி அறிக்கையிலும் உள்ள 1,800. பிடித்தங்கள் போக 1,600 சொச்சம். அதற்கு எதிரே 583 ரிங்கிட் கார் தவணையும் 120 ரிங்கிட் பிடிபிடிஎன் கல்விக் கடனும் வைத்தால், கைக்கு வரும் சம்பளத்தில் ஏறக்குறைய 44 விழுக்காடு கடனுக்கே போகிறது. அதிகச் சம்பளக்காரருக்கு இந்த விகிதத்தை விட்டுக்கொடுக்கும் வங்கிகள், குறைந்த சம்பளக்காரரிடம் மிஞ்சும் தொகையைப் பார்த்துத் தயங்குகின்றன. அது அநியாயம் என்று அன்று தோன்றியது. மீதிப் பணத்தில் ஒரு ஆள் சாப்பிட்டாக வேண்டுமே என்ற அவர்கள் கணக்கு இன்று விளங்குகிறது.

முதல் வங்கி மறுத்தது. வாய்மொழியாகச் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது: மகள் பிறந்து வேலையை விட்டிருந்த காலத்தில் கல்விக் கடன் தவணைகளை நிறுத்தியிருந்தேன், நிலுவையை 2021 நவம்பரில்தான் கட்டி முடித்தேன். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் தகவல் அறிக்கை கடைசி 12 மாதத் திருப்பிச் செலுத்தும் வரலாற்றைக் காட்டுவதால், அந்த நிலுவை மாதங்கள் இன்னும் அதில் தெரிந்தன. இந்த அறிக்கையை யாரும் தங்களுக்கென்று இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். விற்பனை நிலையத்துக்குப் போகும் முன்பே நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காதது என் தவறு.

இரண்டாவது வங்கி, கணவர் ஜாமீன்தாராகக் கையெழுத்திட்டால் தருவதாக மே மாதம் ஒப்புக்கொண்டது. கார் விலை 50,000 ரிங்கிட்; சட்டம் கேட்கும் குறைந்தபட்ச முன்பணம் 10 விழுக்காடு என்றாலும், என் சேமிப்பிலிருந்து 10,000 கட்டினேன். கடன் 40,000. வட்டி ஆண்டுக்கு 3.2 விழுக்காடு, ஃபிளாட் முறை. ஒன்பது ஆண்டுக்கு எடுத்தால் மாதம் 477, ஏழு ஆண்டுக்கு எடுத்தால் 583. ஒன்பது ஆண்டு வட்டி 11,520. ஏழு ஆண்டு வட்டி 8,960. மாதம் 106 ரிங்கிட் கூடுதலாகக் கட்டி 2,560 ரிங்கிட்டை மிச்சப்படுத்தும் ஏழு ஆண்டைத் தேர்ந்தெடுத்தேன். 3.2 என்ற எண்ணைப் பார்த்து மலிவான கடன் என்று நானும் முதலில் நினைத்தேன். அசல் குறைந்துகொண்டே வந்தாலும் ஃபிளாட் வட்டி கடைசி மாதம் வரை முழு 40,000க்கும் போடப்படுவதால், உண்மையான வட்டி ஏறக்குறைய 5.9 விழுக்காடு.

ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் இதைச் சடங்குபோலச் செய்துவிடுகிறார்கள். நான் கட்டத் தவறினால் முழுத் தொகைக்கும் என் கணவர் பொறுப்பு. ஆனால் கார் அவருடையது அல்ல. 2017 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த திவால் சட்டத் திருத்தத்தின்படி, சொந்தப் பயன்பாட்டுக்கான வாடகைக் கொள்முதல் கடனுக்கு இலாப நோக்கமின்றி ஜாமீன் நிற்பவர் 'சமூக ஜாமீன்தார்' ஆகிறார். அந்தக் கடனுக்காக அவரைத் திவாலாக்க முடியாது. வங்கி அவர்மீது வழக்குப் போடுவதை அது தடுக்காது. கையெழுத்திடும் நாளில், தொகை எழுதப்படாத படிவம் ஒன்றை நீட்டி, "பிறகு நிரப்பிக்கொள்கிறோம்" என்றார்கள். நிரப்பாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தருவதில்லை என்று நான் சொன்னதும், முகம் சுளித்துக்கொண்டே அரை மணி நேரத்தில் நிரப்பிக் கொண்டுவந்தார்கள். ஒப்பந்தத்தின் நகல் 14 நாட்களுக்குள் எங்கள் இருவருக்கும் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது; கணவருக்கு வரவில்லை, கேட்டு வாங்கினோம்.

தவணை என் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படுகிறது. ஆரம்பத்திலிருந்தே எங்களுக்குள் ஒரு ஏற்பாடு: வீட்டு வாடகையும் மளிகையும் அவர் பார்த்துக்கொள்வார், கார் தவணை முழுவதும் என் சம்பளத்திலிருந்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் இடமாற்றம்தான், பணம் எல்லாம் ஒரே வீட்டுப் பணம். வங்கி அறிக்கையில் மட்டும் அது வேறாகத் தெரிகிறது. கடன் எடுக்கும் முன் பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 1.75 விழுக்காட்டில் இருந்தது. 2023 மே மாதத்துக்குள் 3 விழுக்காட்டைத் தொட்டது. வீட்டுக் கடன்காரர்கள் புலம்பிய அந்த மாதங்களில், நிலை வட்டிக் கடனான என் தவணையில் ஒரு சென்கூட மாறவில்லை.

ஒரே ஒரு முறை தவறினேன். 2023 ஆகஸ்டில் பாலர் பள்ளிச் சம்பளம் தள்ளிப்போனதால் ஒன்பது நாள் தாமதம். நிலுவைத் தவணைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காட்டுக்கு மேல் தாமத வட்டி வசூலிக்கக் கூடாது என்பதால், தண்டம் 1 ரிங்கிட் 15 சென் வந்தது. அதைவிட உறுத்தியது, ஐந்தாம் நாள் வங்கியிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பு என்னை விட்டுவிட்டு நேராக என் கணவருக்குப் போனதுதான். தொழிற்சாலை இடைவேளையில் பதறிப்போய் எனக்கு அழைத்தார். கடனாளி நான், என்னை முதலில் அழையுங்கள் என்று எழுத்தில் புகார் கொடுத்தேன். மன்னிப்புக் கடிதம் என் கணவர் பெயருக்கே வந்தது.

வேலை போகுமோ என்ற பயம் உள்ளவர்களுக்காக ஒன்றைக் குறிப்பிடுகிறேன். தொடர்ந்து இரண்டு தவணை தவறிய பிறகே காரைக் கைப்பற்றுவதற்கான அறிவிப்பை வங்கி அனுப்ப முடியும். அதற்குப் பிறகும் 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால், நீதிமன்ற உத்தரவில்லாமல் வண்டியைத் தொட முடியாது. 

காப்பீட்டைப் பொறுத்தவரை, இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகக் கட்டணத்தில் கிடைக்கும் கோரிக்கையில்லாக் கழிவு என் பெயரில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. கடந்த ஜூன் புதுப்பிப்பில் 38.33 விழுக்காட்டை எட்டியது. கணவருக்கு அவருடைய பழைய சாகா காரில் 55 விழுக்காடு இருந்தது. அதை விற்றுவிட்டு மைவியை அவர் பெயரில் எடுத்திருந்தால், அந்தக் கழிவைப் புது வண்டிக்கு மாற்றி முதல் ஆண்டிலேயே நல்ல தொகை மிச்சப்படுத்தியிருக்கலாம். இந்த வகையில் எங்கள் முடிவு நட்டமே. சனிக்கிழமைகளில் அவர் ஓட்டி வாங்கும் சம்மன்களும் பதிவு உரிமையாளரான என் பெயருக்கே வருகின்றன. அந்தக் கணக்கு தனி.

2024இல் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோதுதான் இந்த ஏற்பாட்டின் மதிப்பு முழுமையாகத் தெரிந்தது. கணவருடைய படிவத்தில் ஜாமீன் பொறுப்புகளைக் குறிப்பிட வேண்டியிருந்தது. என் காருக்கு அவர் ஜாமீன் நிற்பதைக் கண்ட அதிகாரி, 583 ரிங்கிட்டை அவர் சுமையாகக் கருதப் பார்த்தார். பன்னிரண்டு மாதமாக என் கணக்கிலிருந்தே தவணை போனதற்கான அறிக்கையைக் காட்டிய பிறகு அதை அவர் பக்கத்திலிருந்து எடுத்து என் பக்கத்தில் வைத்தார். அதோடு, முதல் மறுப்புக்குப் பிறகு டியூஷன் பெற்றோர்களிடம் ரொக்கம் வாங்குவதை நிறுத்தி, வங்கிக் கணக்கில் போடச் சொல்லியிருந்தேன். வகுப்பை நிறுவனப் பதிவகமான எஸ்எஸ்எம்மில் பதிவுசெய்து, வரி கட்ட வேண்டிய அளவு வருமானம் இல்லாவிட்டாலும் ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பித்தேன். 2022இல் ஆதாரம் இல்லை என்று ஒதுக்கப்பட்ட டியூஷன் பணம், இரண்டு ஆண்டுக்குப் பிறகு வருமானமாகச் சேர்க்கப்பட்டது. கூட்டுக் கடனில் என் பெயர் இரண்டாவதாக வந்தது.

கணவர் பெயரிலேயே எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களைப் பார்த்துச் சிலர் கேட்கிறார்கள். கணவர் வேலை நிரந்தரமாகவும், வீடு வாங்கும் திட்டம் இல்லாமலும், மனைவிக்கு ஆதாரமுள்ள வருமானம் சுத்தமாக இல்லாமலும் இருந்தால், அவர் பெயரில் எடுப்பதே எளிது. மனைவி பெயரில் எடுத்துவிட்டு மாதாமாதம் கணவர் பணத்தை எதிர்பார்த்துக் கட்டுவதில் எந்தப் பயனும் இல்லை. ஜாமீன்தார் என்ற பெயரில் அவரே கட்டுவதாகத்தான் முடியும்.

டிசம்பரில் சிறிய போனஸ் வந்தபோது, மீதியை மொத்தமாகக் கட்டிவிடலாமா என்று வங்கியில் கேட்டேன். மீதமுள்ள 42 தவணைகளின் தொகை 24,480 ரிங்கிட். திருப்பித் தரும் வட்டிக் கழிவு 2,266 மட்டும். காலத்தில் பாதி மிச்சம் இருந்தும் வட்டியில் கால்பங்குதான் மிச்சம். 78 விதி என்று அழைக்கப்படும் கணக்கின்படி வட்டியின் பெரும்பகுதி முதல் ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டுவிடுவதால் இப்படி ஆகிறது. 22,214 ரிங்கிட்டைத் திரட்டி 2,266ஐ மிச்சப்படுத்துவதைவிட, அந்தப் போனஸை வீட்டுக் கடன் அசலில் போடுவது மேல் என்று முடிவு செய்தேன். கணவரின் சாகா இப்போது மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போகிறது. அடுத்த வண்டி அவர் பெயரில்தான். ஜாமீன் கேட்டால் நான் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறேன், படிவம் நிரப்பியிருந்தால்.