பவர் சப்ளையை மாற்றுவதா, கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பைக் குறைப்பதா? ஆட்டத்தின் நடுவே அணையும் கணினிக்கு இரு வழிகள்

ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில், எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், மின்விசிறிகள் உட்பட எல்லாம் ஒரே கணத்தில் நின்றுபோகும் கேமிங் கணினிக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு மென்பொருள் வழியாக ஒரு வரம்பு வைப்பது ஒன்று. சுவர் மின்சாரத்தை வாங்கிக் கணினியின் பாகங்களுக்குக் கொடுக்கும் பவர் சப்ளையையே மாற்றிவிடுவது மற்றொன்று. இரண்டையும் என் கணினியில் செய்து பார்த்து, கடைசியில் பவர் சப்ளையை மாற்றினேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தேர்வுக்கு வருமுன் வெப்பத்தையும் மென்பொருளையும் விலக்கிவிட வேண்டும். அதற்கு அதிக நேரம் ஆகாது. செயலி (சிபியு) சூடானால் அது உடனே அணைவதில்லை. 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான தன் எல்லையைத் தொட்டதும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறிச் சூடேறினால்தான் அணையும். பாகங்களின் வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற மென்பொருளைப் பதிவு முறையில் ஓடவிட்டு, அணைவதற்கு முந்தைய கடைசி வரிகளைப் பார்த்தால் இது தெளிவாகிவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைக் கண்டு பலர் பதறுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதையும் சொல்வதில்லை. அதனுள் இருக்கும் பக்செக் குறியீடு, அதாவது விண்டோஸின் பிழை எண், பூஜ்யமாக இருந்தால், நீலத்திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். ஐயம் மின்சாரத்தின் பக்கம் திரும்புகிறது.

என்னைப் பவர் சப்ளையின் மீது உறுதியாகச் சந்தேகம் கொள்ள வைத்த அடையாளம் வேறு. கணினி அணைந்த பின் முன்புறப் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் அசைவில்லை; பின்புறம் பவர் சப்ளையில் உள்ள சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்ட பிறகே அது உயிர்பெற்றது. பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று தன்னைப் பூட்டிக்கொண்டால் இப்படித்தான் நடக்கும். கணினி தானாகவே மறுதொடக்கம் செய்துகொண்டால் இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம்.

மின்வரம்பைக் குறைப்பதற்கு உரிய நியாயத்தை மறுக்க முடியாது. செலவில்லை, திருகாணி கழற்ற வேண்டியதில்லை. கார்டின் அமைப்புகளை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் மின்வரம்புக்கான நகர்த்தியை இடப்பக்கம் நகர்த்தினால் வேலை முடிந்தது. வரம்பை 80 சதவீதமாக்கினால் ஆட்டத்தின் வேகம் 20 சதவீதம் குறைந்துவிடுவதில்லை. இழப்பு அதைவிட மிகவும் குறைவு, ஏனெனில் இன்றைய கார்டுகள் தங்கள் கடைசிச் சில மெகாஹெர்ட்சுகளுக்காகவே அளவுக்கு மீறி மின்சாரம் குடிக்கின்றன. சூடும் இரைச்சலும் குறைவது கூடுதல் லாபம். நோயைக் கண்டறியும் சோதனையாக இதைவிட மலிவானது வேறில்லை: வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்கியதும் அணைவது நின்றுவிட்டால், பிரச்சினை மின்சுமையோடு தொடர்புடையது என்பதற்கு அது வலுவான சான்று. ஆனால் சோதனையாகச் சிறந்தது நிரந்தரத் தீர்வாகவும் சிறந்ததா என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

முடிவைத் தீர்மானிப்பது கணநேர மின்னுச்சம். கிராபிக்ஸ் கார்டின் பெட்டியில் 320 வாட் என்று எழுதியிருந்தால் அது சராசரி. ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதே கார்டு அந்தச் சராசரியின் இருமடங்கை நெருங்கும் மின்சாரத்தை இழுக்கக்கூடும். 650 வாட் பவர் சப்ளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். செயலிக்கு 150 வாட், கார்டுக்கு 320, மற்றவற்றுக்கு 60 எனக் கூட்டினால் 530 வாட்தான் வருகிறது. கணக்குப்படி தாராளமாகப் போதும். கார்டு ஒரு கணம் 600 வாட்டைத் தொட்டால் அதே கூட்டல் 810 ஆகிவிடுகிறது. மாதச் செலவுக் கணக்கு சரியாக இருந்தும் ஒரே நாளில் கையிருப்பு தீர்ந்துபோகும் குடும்பத்தின் நிலை இது. உச்சம் வந்துபோன மறுகணம் எல்லாம் இயல்புக்குத் திரும்பியிருக்கும். ஆனால் அதற்குள் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்திருக்கும். நொடிக்கு ஓரிரு முறை மட்டுமே அளவெடுக்கும் கண்காணிப்பு மென்பொருளின் கண்ணில் இந்த உச்சம் படுவதே இல்லை.

மின்வரம்பு கட்டுப்படுத்துவது அந்தச் சராசரியைத்தான். கார்டின் கட்டுப்பாட்டுச் சுற்று அளந்து, ஒப்பிட்டு, வேகத்தைக் குறைப்பதற்குள் மின்னுச்சம் வந்து போய்விடுகிறது. சராசரி இறங்கும்போது உச்சங்களும் ஓரளவு தாழும் என்பது உண்மை. பலருக்கு அதுவே போதுமானதாக அமைந்துவிடுகிறது. மின்னழுத்தத்தைக் குறைத்து உச்ச வேகத்துக்கும் பூட்டுப் போடும் ‘அண்டர்வோல்ட்’ முறை இதைவிடச் சிறந்தது, ஏனெனில் அது உச்சத்தின் உயரத்தையே நேரடியாகத் தொடுகிறது. ஆனால் அதில் வேறொரு தொல்லை முளைக்கிறது: ஓர் ஆட்டத்தில் நிலையாக ஓடும் அமைப்பு இன்னோர் ஆட்டத்தில் கவிழும். அப்போது கவிழ்ந்தது பவர் சப்ளையாலா, நாம் குறைத்த மின்னழுத்தத்தாலா என்ற புதிய புதிர் பழையதோடு சேர்ந்துகொள்கிறது. போதாததற்கு இந்த அமைப்புகள் நிலைப்பதுமில்லை. கார்டைக் கட்டுப்படுத்த என்விடியா தரும் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையால் வைத்த வரம்பு மறுதொடக்கத்தோடு போய்விடும். ஆஃப்டர்பர்னரோ ஒவ்வொரு முறையும் விண்டோஸோடு சேர்ந்து தொடங்கியாக வேண்டும். ஏஎம்டி கார்டுகளின் மென்பொருளிலும் இதே வசதி உண்டு என்றாலும் அவற்றை நீண்டகாலம் பயன்படுத்திய அனுபவம் எனக்கில்லை; மேலே சொன்னவற்றை என்விடியா கார்டுகளுக்கு உரியவையாகவே கொள்ளவும்.

இதற்கிடையில் பழைய பவர் சப்ளை முதுமையடைந்துகொண்டே போகிறது. அதனுள் இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கிகள் சூட்டில் மெல்ல வலுவிழப்பவை. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. இன்று 80 சதவீத வரம்பில் ஓடும் கணினி பின்னொரு நாள் 70 கேட்கும்.

புதிய பவர் சப்ளை இந்தச் சிக்கலின் வேருக்கே போகிறது. பவர் சப்ளைகளுக்காக இன்டெல் 2022இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் 3.0 வரையறை கணநேர உச்சங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது: கிராபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 முனை இணைப்பியுடன் வரும், 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளைகள் தம் அறிவிக்கப்பட்ட திறனின் 200 சதவீதத்தை 100 மைக்ரோநொடிக்குத் தாங்க வேண்டும் என்கிறது அது. வாங்கும்போது ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரையைவிட நான் முதலில் தேடியது இந்தத் தகுதியைத்தான். அந்த முத்திரை சொல்வதெல்லாம் சீரான சுமையில் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டுமே; திடீர் உச்சத்தை அது தாங்குமா என்பதை அது சோதிப்பதே இல்லை. அடுத்த கணினிக்கும் இதை எடுத்துச் செல்லலாம் என்பதால், செலவை ஒரே கணினியின் கணக்கில் எழுத வேண்டியதும் இல்லை.

மின்வரம்பே சரியான விடையாகும் இடங்களும் உண்டு. மடிக்கணினியில் பவர் சப்ளையின் திறனைக் கூட்ட வழியில்லை. புதியது வந்து சேரும்வரை கணினியை ஓட்ட வேண்டியிருந்தாலும் இதுவே கைகொடுக்கும். வாங்குவதற்கு முன் கேபிள்களையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது: கார்டுக்கு மின்சாரம் தரும் 8 முனை இணைப்பி ஒன்றுக்கு 150 வாட் என்பது வரையறை; ஒரே கேபிளிலிருந்து கிளைத்துவரும் இரு முனைகளையும் கார்டில் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிள்களாக மாற்றியதிலேயே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்திருக்கிறது.

மாற்றுவதென்று முடிவானால், பழைய பவர் சப்ளையின் கழற்றக்கூடிய கேபிள் ஒன்றைக்கூடப் புதியதில் செருகக் கூடாது. பவர் சப்ளைப் பக்கத்து முனை அமைப்புக்குப் பொதுவான தரம் இல்லை, முனை பொருந்தினாலும் மின்னழுத்தம் மாறி வந்து சேமிப்பு வட்டுகள் கருகிவிடக்கூடும். பொருத்தி முடித்ததும் மின்வரம்பை மீண்டும் 100 சதவீதத்துக்கு உயர்த்தி, முன்பு அணைந்த அதே ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போதும் அணைந்தால், கணினி யூபிஎஸ் வழியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை விலக்கி நேரடியாகச் சுவர் இணைப்பில் சோதிக்கலாம். அதன் பிறகு எஞ்சுவது மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும்தான்.