பேட் வைத்த உள்ஜட்டியா, லைக்ரா ஷார்ட்ஸா?

சீட் உறுத்துகிறது என்று சைக்கிள் கடையில் சொன்னால், உடனே ஒரு ஜெல் உறையை எடுத்து நீட்டுவார்கள். அதை இந்த அலசலில் சேர்க்கவில்லை. உட்காரும் எலும்புகள் இரண்டும் அந்த மெத்தையில் புதைந்துபோக, நடுப்பகுதி மேலெழும்பி, அழுத்தமே கூடாத இடத்தில் அழுத்தும். மிதிக்க மிதிக்க உறையும் நழுவும். மெத்தை உடம்போடு ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்பதில் தினமும் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே பெரிய சண்டை இல்லை. எந்த உடையில் இருக்க வேண்டும் என்பதில்தான் சண்டை.

பேட் எனும் அந்த மெத்தையை வைத்துத் தைத்த உடைகளில் ஆண்களுக்கு மூன்று வழிகள். சாதாரண அரைக்கால் சட்டைக்கு உள்ளே போடும் பேட் வைத்த உள்ஜட்டி. தனியாகவே போடும், உடம்பை ஒட்டி இழுபடும் துணியாலான லைக்ரா ஷார்ட்ஸ். தோள்பட்டியோடு வரும் பிப் ஷார்ட்ஸ். மூன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு, கோவளம் என்று ஒரு சுற்று. இரண்டுக்கும் என் கை தானாகப் போவது உள்ஜட்டிக்குத்தான்.

விலையில் உள்ஜட்டி மலிவு, பிப் அதிகம். லைக்ராவோடு டீக்கடையில் நிற்கக் கூச்சப்படுகிறவர்களுக்கு உள்ஜட்டி சௌகரியம். மேலே போடும் அரைக்கால் சட்டையில் போனுக்கும் சில்லறைக்கும் பையும் கிடைக்கும். எதிர்க்காற்றில் லைக்ரா மேல். இதையெல்லாம் கடைக்காரரே சொல்லிவிடுவார்.

அளவு விஷயத்தில் உள்ஜட்டிக்கு ஒரு பாதகம் உண்டு. உள்ளாடை என்பதால் பல கடைகளில் போட்டுப் பார்க்க விட மாட்டார்கள், திருப்பியும் வாங்க மாட்டார்கள். இடுப்பையும் பிட்டச் சுற்றளவையும் நாடாவால் அளந்துகொண்டு போங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே தடுமாறினால் பெரும்பாலும் சின்னதுதான் சரியாக இருக்கும். லைக்ரா ஷார்ட்ஸ் என்றால் போட்டுப் பார்க்கலாம். ஆனால் நிமிர்ந்து நின்று கண்ணாடி பார்க்காதீர்கள்; பேட் பின்னால் தொங்குவதுபோலத்தான் தெரியும். ஹேண்டில்பாரைப் பிடித்ததுபோல் குனிந்தால் அது தன் இடத்தில் போய் உட்கார வேண்டும். எதை வாங்கினாலும் அதற்கு உள்ளே இன்னொரு ஜட்டி கூடாது. பருத்தி வியர்வையைப் பிடித்துவைக்கும், அதன் தையல் தொடை இடுக்கில் அரம்போல் அறுக்கும்.

தடித்த பேட்தான் நல்லது என்ற நம்பிக்கையும் வேண்டாம். கனம் குறைவாக இருந்தாலும் அடர்த்தியான நுரை எலும்பைத் தாங்கும்; தலையணைபோல் அமுங்குகிற நுரை, ஜெல் உறை செய்யும் அதே வேலையைச் செய்யும். கடையிலேயே கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். இரண்டு விரல்களும் ஒன்றையொன்று தொட்டுவிட்டதுபோல் தோன்றினால் வைத்துவிட்டு வாருங்கள்.

இவ்வளவிலும் லைக்ரா ஷார்ட்ஸ் பெரிதாகப் பின்தங்கவில்லை. அது எனக்குத் தோற்றுப்போன இடம் துணிக்கொடி.

இந்த உடையை ஒரு முறை போட்டால் துவைத்தே ஆக வேண்டும். நாளைக்கும் போட்டுக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது; வியர்வை ஊறிய பேட்டோடு மறுபடி உட்கார்ந்தால் மயிர்க்கால் கொப்புளமும் படர்தாமரையும் வந்து சேரும். அப்படியானால் மாலையில் துவைத்தது மறுநாள் காலையில் காய்ந்திருக்க வேண்டும். சென்னையின் கடற்காற்றில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், இது லேசான காரியம் இல்லை. என்னுடைய லைக்ரா ஷார்ட்ஸில் பேட் தடிமன். காலையில் தொட்டால் துணி காய்ந்திருக்கும். பேட்டை அழுத்தினால் உள்ளிருந்து சில்லென்று ஈரம் தெரியும். முகர்ந்தால் இலேசான முடைநாற்றம். உள்ஜட்டியின் துணி வலைபோன்றது, பேட்டும் மெல்லியது. மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விட்டால் விடிவதற்குள் காய்ந்துவிடுகிறது. லைக்ரா ஒன்று வாங்கும் காசுக்கு உள்ஜட்டி இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடலாம் என்பதும் கணக்கில் சேரும்.

வெயிலில் போட்டால் காய்ந்துவிடாதா என்று கேட்கலாம். காயும். ஆனால் கடும் வெயிலும் சூடும் லைக்ரா இழையின் இழுவையைத் தின்றுவிடும். வெந்நீர், பிளீச்சிங், இஸ்திரி மூன்றும் அதே காரணத்துக்காக ஆகாது. நான் செய்வது இது: உள்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் திரவ சோப்பு கொஞ்சமாக விட்டு, கையால் கசக்கி, பேட்டில் வழுவழுப்பு போகும்வரை அலசுவேன். போர் தண்ணீர் என்றால் இன்னொரு அலசல். முறுக்கிப் பிழிந்தால் நுரை மடிந்து, பிறகு அந்த மடிப்பிலேயே உட்கார வேண்டிவரும். அதனால் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்துவிடுகிறேன். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். துணிக்கு மென்மையும் மணமும் தரும் திரவங்களை இதன் பக்கமே கொண்டுவராதீர்கள். அவை இழைகள்மேல் பூச்சாகப் படிந்து, வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் குணத்தைக் கெடுத்துவிடும்.

உராய்வுக்குக் களிம்பு தடவும் பழக்கம், பேட்டுக்குப் பதில் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த காலத்தில் வந்தது. துவைத்தால் தோல் விறைக்கும், அதை இளக்கக் களிம்பு பூசுவார்கள். இன்றைய செயற்கை இழைக்கு அந்தத் தேவை இல்லை. நெடுந்தூரத்தில் மட்டும் தோலுக்காகத் தடவலாம். நம் வீடுகளில் கைக்கு எட்டும் தேங்காய் எண்ணெய் வேலை செய்யும்தான், ஆனால் பேட்டில் ஊறினால் எளிதில் போகாது, சிக்கு வாடை தங்கிவிடும். நீரில் கரையும் களிம்பே நல்லது.

உள்ஜட்டி தோற்கும் இடமும் இருக்கிறது. மாமல்லபுரத்தைத் தாண்டி நூறு கிலோமீட்டரை நெருங்கும்போது மெல்லிய பேட் போதவில்லை. மேலே போட்ட அரைக்கால் சட்டையின் நடுத்தையல் சீட்டில் உராய்கிறது, இரண்டு அடுக்குத் துணி புழுங்குகிறது. 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டிய பிரெவே என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்துக்குப் போகிறவர் இதை நம்பிக் கிளம்பக் கூடாது. அவருக்கு லைக்ரா ஷார்ட்ஸோ பிப்போதான் சரி. பிப்பில் இடுப்பை எலாஸ்டிக் இறுக்காது, பேட் இம்மியும் நகராது. ஆனால் நான் அதைப் போட்டது குறைவு. நாள்பட எப்படி உழைக்கும் என்பதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். காய்வதற்கு இன்னும் அதிகத் துணி இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

எதைப் போட்டும் மரத்துப்போகிறது என்றால் குறை பேட்டில் இல்லாமல் சீட்டின் அகலத்திலோ உயரத்திலோ சாய்விலோ இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். மரத்துப்போவது தொடர்ந்தால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எப்போது தூக்கிப்போடுவது? பேட் அழுத்தியபின் எழும்பாமல் பள்ளமாகவே நின்றாலோ, தொடைப் பட்டி தளர்ந்து பேட் நகர ஆரம்பித்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. லைக்ரா ஷார்ட்ஸ் பின்புறம் நைந்து மெலிவது போட்டிருப்பவருக்குத் தெரியாது. பின்னால் ஓட்டிவருகிறவருக்குத்தான் தெரியும், அவரும் நாகரிகம் கருதி வாய் திறக்க மாட்டார். உள்ஜட்டிக்காரருக்கு அந்தக் கவலையும் இல்லை.